ஓரிரு இடங்களில் மழை

ஐப்பசி மாதத்தில் வேதாரண்யத்து ஜனங்கள் ஒருவரையொருவர் சந்தித்தால் "சௌக்கியமா?" என்று கேட்பதில்லை. "என்ன சொல்றான்?" என்றுதான் கேட்கிறார்கள். ஒரு டீக்கடை வாசலில் முதன்முதலாக இந்தக் கேள்வியைச் செவியுற்ற போது, ஊருக்கு ஆகாத ஆசாமி யாரைப் பற்றியோ வம்பு நடக்கிறதாக்கும் என்று எண்ணி, நாமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். அந்த "அவன்" வேறு யாருமல்ல, சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கும் வானிலை ஆராய்ச்சி மையமே என்பது பிறகுதான் தெரிய வந்தது. அவ்வளவு பெரிய சர்க்கார் ஸ்தாபனத்தை, ஏதோ அடுத்த தெருவில் குடியிருக்கும் மைத்துனனைப் போல் ஏக வசனத்தில் அழைக்கும் உரிமையை இந்த ஊரார் எப்படிச் சம்பாதித்துக் கொண்டார்கள் என்பதை, அங்கே தங்கிய ஒரு வாரத்தில் ஒருவாறு அறிந்து கொண்டோம்.

சென்ற ஐப்பசி பிறந்த இரண்டாம் நாள் நண்பர் ஒருவரின் அழைப்பை ஏற்று நாம் வேதாரண்யம் போயிருந்தோம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரையில் செல்லும் ரயில் பாதை 2004-ம் வருஷத்தில் மூடப்பட்டு, அகலப் பாதையாக மாறி, 2023-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் மறுபடியும் திறக்கப்பட்டது. அந்த ரயிலில் ஜன்னலோரமாக உட்கார்ந்து போவது ஒரு தனி அனுபவம். பச்சை வயல்கள் குறைந்து, பனை மரங்கள் தோன்றி, அவையும் குறைந்து, கடைசியில் பூமி வெளுக்க ஆரம்பிக்கிறது. தூரத்தில் வெண்ணிறக் குன்றுகள் வரிசையாகத் தென்படுகின்றன. முதன்முறை பார்ப்பவர்கள் கூடாரம் என்று நினைத்தாலும் நினைக்கலாம். அவை உப்பு அம்பாரங்கள்.

வேதாரண்யத்தின் பூகோளத்தை நேயர்கள் சற்று மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து தெற்கு நோக்கி நேராக இறங்கி வரும் கடற்கரை, கோடியக்கரையில் வந்ததும் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தின் முழங்கையில் இருப்பதுதான் இந்த ஊர். கிழக்கே வங்கக் கடல். தெற்கே பாக் நீரிணை. மேற்கே சதுப்பு நிலம். மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஊருக்கு நாலாவது தண்ணீர் ஆகாயத்திலிருந்து வருகிறது. அது எப்போது வரும், எவ்வளவு வரும் என்பதில்தான் எல்லாருடைய பிழைப்பும் அடங்கியிருக்கிறது.

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், ஒரே ஊரில் நாலு வகையான ஜனங்கள் நாலு வகையான மழையை வேண்டுகிறார்கள். அகஸ்தியம்பள்ளி, கடினல்வயல், கோடியக்காடு ஆகிய இடங்களில் சுமார் 9,000 ஏக்கரில் உப்பளங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்புக்குப் பேர் போன இடம் இதுதான். தை மாதத்தில் வேலை ஆரம்பித்து, மழைக்காலம் வரும் வரையில் நடக்கும். அவர்களுக்கு ஒரு சொட்டு மழையும் ஆகாது. ஊருக்கு மேற்கே காவிரியின் கடைமடை. மேட்டூர் தண்ணீர் வந்து சேர்வதற்குள் வாய்க்காலுக்கே தாகம் எடுத்துவிடும். அங்கே புரட்டாசியில் விதையைக் காய்ந்த மண்ணில் நேரடியாகத் தூவிவிட்டு, விவசாயிகள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு மழை வேண்டும், ஆனால் முளைத்த பயிர் மூழ்கும்படி வேண்டாம். முல்லைப்பூச் சாகுபடி செய்கிறவர்களுக்கு வேர் நனைய வேண்டும், அரும்பு நனையக்கூடாது. கோடியக்கரையில் ஐப்பசி முதல் பங்குனி வரை மீன்பிடி காலம். வெளியூர்களிலிருந்தெல்லாம் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து குடிசை போட்டுத் தங்குவார்கள். அவர்களுக்கு மழையைப் பற்றிக் கவலையில்லை. காற்று எந்தத் திசை, எவ்வளவு வேகம் என்பதுதான் கேள்வி. இத்தனை பேருடைய பிரார்த்தனையையும் ஒரே சமயத்தில் கேட்க வேண்டிய வருண பகவான் பாடு திண்டாட்டந்தான். (ஐந்தாவதாக ஒரு கூட்டமும் உண்டு. வடக்கேயிருந்து வந்து சரணாலயத்தில் இறங்கும் பூநாரைகளும் உள்ளான்களும். அவை யாருடைய முன்னறிவிப்பையும் எதிர்பார்ப்பதில்லை.)

நாம் போய்ச் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த வாரத்திற்குரிய அறிக்கை வந்திருந்தது. நண்பரின் மகன் கைபேசியை வைத்துக்கொண்டு உரக்க வாசித்தான். தென்மேற்கு வங்கக் கடலின் மேல் ஒரு காற்றுச் சுழற்சி இருப்பதாகவும், திங்கள், செவ்வாய் இரண்டு தினங்களும் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யலாம் என்றும், புதன், வியாழனில் கடலோர மாவட்டங்களில் அநேக இடங்களில் இடியுடன் மழையும் ஓரிரு இடங்களில் கனமழையும் பெய்யக்கூடும் என்றும், பிறகு படிப்படியாகக் குறையும் என்றும் அதில் கண்டிருந்தது.

"ஓரிரு இடங்களில் என்றால் நம் வீட்டுக் கொல்லையும் வாசலுமா?" என்று நண்பரின் தாயார் கேட்டார்.

அந்த அம்மாள் வேடிக்கையாகக் கேட்டாலும் கேள்வி வேடிக்கையானதல்ல. வானிலை அறிக்கையில் வரும் இந்தச் சொற்களை நாம் எல்லாரும் ஏதோ வழவழா கொழகொழாப் பேச்சு என்று நினைத்துச் சிரித்து வருகிறோம். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. ஒரு பிரதேசத்தில் உள்ள மழைமானி நிலையங்களில் 100-க்கு 25 வரையில் மழை பதிவாகுமானால் "ஓரிரு இடங்கள்". 26 முதல் 50 வரை "ஒருசில இடங்கள்". 51 முதல் 75 வரை "அநேக இடங்கள்". அதற்கு மேல் "பெரும்பாலான இடங்கள்". மழையின் அளவுக்கும் இதே போல வரையறை இருக்கிறது. காலை எட்டரை மணி முதல் மறுநாள் காலை எட்டரை மணி வரை 7 முதல் 11 சென்டிமீட்டர் பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. 21-ம் அதற்கு மேலும் அதி கனமழை. ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டருக்கு உட்பட்டதெல்லாம் லேசான மழை என்றே கொள்ளப்படும்.

லேசான மழை! மறுநாள் உப்பளத்துக்குப் போன பிறகுதான் அந்தச் சொல்லின் கனம் நமக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை பொழுது விடியுமுன்பே நண்பருடன் அகஸ்தியம்பள்ளிப் பக்கம் சென்றோம். உப்பளத்தில் வேலை இருட்டோடு ஆரம்பமாகி விடுகிறது. வெயில் ஏறிய பிறகு அந்த வெண்மையைக் கண்கொண்டு பார்க்க முடியாது. பத்து மணிக்குமேல் சூரியன் இரண்டாகிவிடுகிறான். ஒருவன் தலைக்கு மேலே, இன்னொருவன் காலடியில். குத்தகைக்கு எடுத்த சிறு அளத்தில், அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவரும் அவருடைய மனைவியும், கூலிக்கு அமர்த்திய இரண்டு பேரும் பாத்திகளின் ஓரத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

உப்பு விளைவது எப்படி என்பதை வாசகர்களில் பலர் அறிந்திருக்கலாம். ஆனாலும் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு வகைகள் கரைந்திருக்கின்றன. இந்தத் தண்ணீரைப் பெரிய தேக்கங்களில் நிறுத்தி, வெயிலாலும் காற்றாலும் வற்ற வைத்து, பாத்தி பாத்தியாக இறக்குகிறார்கள். நீரின் அடர்த்தியை அளக்க ஒரு கண்ணாடிக் கருவி இருக்கிறது. சாதாரணக் கடல்நீரில் அது 3, 3½ டிகிரி காட்டும். 25 டிகிரி வந்தால் உப்புப் பூக்க ஆரம்பிக்கிறது. முப்பதை நெருங்க விட்டால் கசப்பு உப்புக்கள் சேர்ந்துவிடும். அதற்கு முன் நீரை வெளியேற்றிவிட வேண்டும். 3½-லிருந்து 25 வரை கொண்டுவருவதற்கு எத்தனை நாள் வெயில் வேண்டும் என்பதை வானந்தான் நிர்ணயிக்கிறது. ஆனால் 25-லிருந்து கீழே இறங்குவதற்கு ஒரு நாழிகை மழை போதும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது சுமார் 40,000 லிட்டர் நல்ல தண்ணீர். சென்னைக் கணக்கில் அது "லேசான மழை". உப்புப் பாத்தியின் கணக்கில் அது சர்வ நாசம். விளைந்த உப்பும் கரையும்; விளைய வேண்டிய உப்புநீரும் நீர்த்துப் போகும்.

பெரியவரின் யோசனை இதுதான். அவருடைய ஆறு பாத்திகளிலும் அப்போது உப்பு மெல்லிய ஆடையாகத் திரண்டிருந்தது. அன்றைக்கே வாரினால் கிடைப்பது சொற்பம். இன்னும் மூன்று நாள் விட்டால் கனம் கூடும். ஆனால் மெல்லிய உப்பை வாரினாலும் கனத்த உப்பை வாரினாலும் கூலி ஒன்றே. இந்த வருஷத்தின் கடைசி வாரல் இது. இதன் பிறகு தை பிறக்கும் வரையில் அளத்தில் வருமானம் கிடையாது. தீபாவளி வேறு வருகிறது. மூன்று நாள் பொறுத்தால் வியாழக்கிழமை. வியாழக்கிழமை "அநேக இடங்களில்".

"என்ன தாத்தா, வானிலை அறிக்கை கேட்டீர்களா?" என்று நண்பர் விசாரித்தார்.

"கேட்டேன் தம்பி. நாகை மாவட்டம்ங்கிறான். மாவட்டம்னா அது வேளாங்கண்ணியா, தலைஞாயிறா, இல்லே எங்க பாத்தியா? அதை யாரு சொல்லுவா? போன மாசம் இப்படித்தான் பயந்து வாரினேன். மழை ரோட்டுக்கு அந்தாண்டை பெஞ்சிட்டுப் போயிட்டுது. ரோட்டுக்கு இந்தாண்டை ஒரு தூத்தல் இல்லே."

"அங்கே நின்னு பேசிக்கிட்டே இருந்தா உப்பு தானா கரை ஏறிடுமா?" என்று அவருடைய மனைவி குறுக்கிட்டாள். பிறகு அந்த அம்மாளே தீர்ப்பும் சொன்னாள்: நாலு பாத்தியை இன்றைக்கே வாரிவிடுவது, தெற்கே உள்ள இரண்டை மட்டும் வியாழன் வரை விட்டுப் பார்ப்பது. சர்வகலாசாலைகளில் இதற்கு என்னவோ பெயர் வைத்து ஒரு வருஷம் பாடம் நடத்துகிறார்கள் என்று கேள்வி. அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அரை நிமிஷத்தில் முடித்துவிட்டாள். நீண்ட காம்புள்ள மரப்பலகைகள் பாத்தியில் இறங்கின.

இனி, அந்த "மாவட்டம்" என்ற சொல்லுக்குள் ஏன் வேதாரண்யம் தனியாகத் தெரிவதில்லை என்பதைக் கொஞ்சம் விசாரிப்போம்.

வேதாரண்யத்துக்கு வடக்கே காரைக்காலிலிருந்து தினந்தோறும் ஒரு பலூன் ஆகாயத்தில் விடப்படுகிறது. அதன் அடியில் தொங்கும் சிறு பெட்டி மேலே போகப் போக உஷ்ணம், ஈரம், காற்றழுத்தம் எல்லாவற்றையும் அளந்து ரேடியோ மூலம் கீழே சொல்லிக்கொண்டே போகும். அதே காரைக்காலில் ஒரு ரேடார் இருக்கிறது. அது அனுப்பும் அலைகள் மழைத்துளிகளில் மோதித் திரும்புவதைக் கொண்டு, எங்கே பெய்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்டறிகிறார்கள். விண்ணிலிருந்து இன்ஸாட் வகைத் துணைக்கோள்கள் மேகங்களைப் படம் பிடித்து அனுப்புகின்றன. இவையெல்லாம் கணினிக்குள் போகின்றன. கணினி இந்த உலகத்தைச் சதுரங்கப் பலகை போல் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எப்படி நகரும் என்று கணக்கிடுகிறது. நம் தேசத்தில் இந்தக் கட்டம் 12 கிலோமீட்டராக இருந்தது. 2025-ம் வருஷம் மே மாதம் முதல் 6 கிலோமீட்டராகச் சுருக்கப்பட்டிருக்கிறது. இது சாமானிய சாதனை அல்ல. ஆனாலும் ஆறு கிலோமீட்டருக்குள் வேதாரண்யம் கடைத்தெருவும், அகஸ்தியம்பள்ளி உப்பளமும், நடுவில் உள்ள சதுப்பு நிலமும் அடங்கிவிடுமே! கட்டத்திற்கு ஒரு மழைதான் கணக்கு. ரோட்டுக்கு அந்தாண்டை, இந்தாண்டை என்று கணினி இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

ஐப்பசி மழையின் சுபாவமும் ஒரு காரணம். வடகிழக்குப் பருவ மழை சராசரியாக அக்டோபர் 20-ந் தேதி வாக்கில் ஆரம்பிக்கிறது. கீழைக்காற்று சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரையில் நிலைகொண்டு, கரையோரத்தில் பரவலாக மழையும் பெய்த பிறகே "பருவமழை தொடங்கியது" என்று அறிவிப்பார்கள். தமிழ்நாடு முழுவதற்கும் இந்த மூன்று மாதத்தில் சராசரி 44 சென்டிமீட்டர் மழை என்றால், நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு ஏறத்தாழ 90. இரட்டிப்புக்கு மேல்! இந்த மழை கடலிலிருந்து மேகத் திரள்களாக வருகிறது. பெரும்பாலும் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வரும். ஒரு திரள் கரையேறிய இடத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, பத்து மைல் மேற்கே போவதற்குள் வெறும் கையாகி விடுவதும் உண்டு. அந்தத் திரள் ராத்திரி இரண்டு மணிக்கு எந்தக் கரையில் ஏறும் என்பதை ஞாயிற்றுக்கிழமை மாலையில் சொல்வது எப்படி? ரேடாரைப் பார்த்து இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பு சொல்லலாம், சொல்கிறார்கள். ஆனால் உப்பு வாருவதற்குக் கூலியாள் அமர்த்த அந்த அவகாசம் போதாது. வாரம் முழுவதற்கும் சொல்லும் ஜோசியம் விரிவானது, ஆனால் மங்கல். இரண்டு மணி நேரத்துக்குச் சொல்வது கூர்மையானது, ஆனால் குறுகல். உப்பளத்துக்காரருக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில், ஒரு தாலுகாவுக்கு, ஒரு நாள் முன்னதாக.

இந்தத் துறையின் சரித்திரத்தைப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. சென்னை வானாராய்ச்சிக் கூடத்தில் 1796-லிருந்தே வானிலையைக் குறித்து வைத்து வந்தார்கள். 1864-ல் கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கி எண்ணற்ற கப்பல்களையும் ஜனங்களையும் விழுங்கியது. மறு வருஷமே அந்தத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டுவிட்டது. 1866-லும் 1871-லும் மழை பொய்த்த பிறகு, 1875-ல் இந்திய வானிலைத் துறையை ஸ்தாபித்தார்கள். ஆனால் விவசாயிகளுக்கென்று தனியாக வானிலைச் செய்தி ரேடியோவில் வரத் தொடங்கியது 1945-ல். கப்பலுக்கு 1865, கலப்பைக்கு 1945. எண்பது வருஷ இடைவெளி! அன்னிய ஆட்சியில் யாருடைய நஷ்டம் நஷ்டமாகக் கருதப்பட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. சுதந்தரம் வந்து கலப்பைக்கு எவ்வளவோ செய்தாயிற்று. உப்பு வாரும் பலகையின் முறை இன்னும் முழுமையாக வரவில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

உப்பைப் பற்றிப் பேசும்போது இந்த ஊரில் இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் புறப்பட்டு, சுமார் 150 மைல் நடந்து, 28-ந் தேதி வேதாரண்யம் சேர்ந்து, 30-ந் தேதி உப்புச் சட்டத்தை மீறினார்கள். அந்த வெயிலில் ஏன் நடந்தார்கள் என்று குழந்தைகள் கேட்டால், வெயில் இருந்ததால்தான் உப்பு இருந்தது என்று சொல்ல வேண்டும். ஐப்பசியில் புறப்பட்டிருந்தால் அள்ளுவதற்கு உப்புக் கிடைத்திருக்காது, சேறுதான் கிடைத்திருக்கும். சர்தார் வேதரத்தினம் பிள்ளை போன்ற உள்ளூர்க்காரர்கள் கூட இருந்தபோது பருவம் தெரியாமலா போகும்? அகஸ்தியம்பள்ளியில் இதற்காக எழுப்பியிருக்கும் நினைவுத் தூணின் அருகே சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தோம்.

செவ்வாய்க்கிழமை வெயில் கொளுத்தியது. டீக்கடையில் வானிலை நிலையத்துக்கு நல்ல அர்ச்சனை நடந்தது. ஒருவர், "அவன் குடை எடுத்துட்டுப் போன்னா நான் துணி காயப் போடுவேன்" என்றார். இன்னொருவர் பஞ்சாங்கத்தை ஆதரித்துப் பேசினார். பஞ்சாங்கத்தில் இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை என்று போட்டிருக்கிறதாம். மரக்கால் எந்த ஊர் மரக்கால், மழை எந்த ஊரில் என்று நாம் கேட்க நினைத்தோம். விருந்தாளியாக வந்த இடத்தில் வம்பு எதற்கு என்று சும்மா இருந்துவிட்டோம். மார்கழியில் ஏறக்குறைய பதினான்கு நாள் கர்ப்போட்டம் என்று பார்த்து, அன்று மேகம் கருக்கொண்டபடி மறு வருஷ மழை இருக்கும் என்று சொல்வதும் உண்டு. நண்பரின் தாயார் அதை இன்றைக்கும் நாட்குறிப்பில் எழுதி வைக்கிறார். பலித்ததா என்று கேட்டால், "பலித்த வருஷங்கள் ஞாபகம் இருக்கின்றன" என்று மிக நேர்மையாகப் பதில் சொன்னார்.

இவற்றையெல்லாம் நாம் ஏளனம் செய்ய மாட்டோம். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு தேடுவதும், தும்பி தாழப் பறப்பதும், சந்திரனைச் சுற்றி வட்டம் கட்டுவதும் காற்றில் ஈரம் ஏறியிருப்பதன் அடையாளங்களே. சில மணி நேரத்துக்கு அவை ஓரளவு நம்பத் தகுந்தவை; ஒரு வாரத்துக்கு அல்ல. எறும்புக்குத் துணைக்கோள் கிடையாது.

புதன்கிழமையும் மழை இல்லை. வடக்கே நாகப்பட்டினத்தில் நல்ல மழை என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். வேதாரண்யத்தில் மேகம் கூடிக் கூடிக் கலைந்தது. மாலையில் மறுபடி உப்பளம் போனோம். பெரியவர் நம்மைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாம் மழையைத் தடுத்துவிட்டோம் என்று அவர் நினைக்கவில்லைதான். ஆனால் நாலு பாத்தியை அவசரப்பட்டு வாரியது அவருக்கு ஆற்றவில்லை. வாராமல் விட்ட இரண்டு பாத்திகளில் உப்பு நன்றாகத் திரண்டு, மாலை வெயிலில் மின்னியது. "ஆறையும் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்தார். அம்மாள் அவர் பேச்சைக் காதில் வாங்காமல், வாரிக் குவித்திருந்த அம்பாரத்தின் மேல் பனை ஓலையைப் பரப்பி, அதன்மேல் தார்ப்பாயை இழுத்து, நாலு மூலையிலும் மண் மூட்டை வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அளத்துக்காரர் எதையுமே வாரவில்லை. வியாழன் காலையில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாருவதற்கு எட்டு ஆள் பேசி வைத்திருந்தார்.

இந்த அம்மாளின் கவனத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்தக் கரையில் ஐப்பசியும் கார்த்திகையும் வெறும் மழை மாதங்கள் அல்ல. 1952 நவம்பர், 1955 டிசம்பர், 1977 நவம்பர் என்று இங்குள்ள கிழவர்கள் புயல்களை வைத்தே பிள்ளைகளின் வயதைச் சொல்கிறார்கள். 1964 டிசம்பரில் தெற்கே தனுஷ்கோடியையே கடல் கொண்டது. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி நள்ளிரவு கழிந்த வேளையில், "கஜா" புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்துடன் கரை ஏறியது. தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன. கடல் சேற்றை அள்ளிக்கொண்டு வந்து உப்பளங்களில் கொட்டிவிட்டுப் போயிற்று. ஆனால் அந்தப் புயல் எங்கே, எப்போது கரை ஏறும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பல்லாயிரக்கணக்கான ஜனங்கள் அதற்கு முன்பே முகாம்களுக்குப் போய்விட்டார்கள். அவர்களில் இந்த அம்மாளும் ஒருத்தி. "வீடு போச்சு, உசிரு இருந்துச்சு" என்றாள். டீக்கடையில் அர்ச்சனை செய்கிறவர்களும், நாகப்பட்டினம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிவிட்டது என்ற சொல் காதில் விழுந்தால் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவார்களாம். கூண்டுகளுக்கு ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள் உண்டு. பத்து என்றால் பேரபாயம். பதினொன்று என்றால் வானிலை நிலையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். பத்தைவிடப் பதினொன்றை மேலாக வைத்தவன் விவரம் தெரிந்தவன்தான்.

ஆகையினால், ஏக வசனத்தில் அழைப்பதன் ரகசியம் இதுவே. பெரிய காரியத்தில் கைவிடாதவனைத்தான் சின்னக் காரியத்துக்காகத் திட்ட முடியும்.

வியாழக்கிழமை விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கும்போது மழை வந்தது. முதலில் தென்னங்கீற்றில் ஒரு சலசலப்பு. பிறகு கடற்கரைப் பக்கமிருந்து பெரிய சேனை ஒன்று ஓடி வருவது போன்ற சப்தம். அதற்குப் பிறகு ஒன்றுமே காதில் விழவில்லை. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொட்டியது. நண்பர் திண்ணையில் நின்று, மேற்கே இருக்கும் தம் வயலை நினைத்துக்கொண்டு, "பெய்யட்டும், பெய்யட்டும்" என்றார். அவர் மனத்தில் உப்பளம் இல்லை. நம் மனத்தில் அவருடைய வயல் இல்லை. விடிந்ததும் பார்த்தால், முற்றத்தில் மறந்து வைத்திருந்த நேர்ச்சுவர் வாளியில் மூன்று விரற்கடைத் தண்ணீர் நின்றது. ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாது. ஏக்கருக்கு இரண்டு லட்சம் லிட்டர். சென்னைக் கணக்கில் இது கனமழைகூட அல்ல, "மிதமான மழை".

மழை விட்டதும் அளத்துக்குப் போனோம். பக்கத்து அளத்துக்காரருடைய எட்டு ஆட்களும் வரப்பில் குந்தியிருந்தார்கள். வாருவதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் பேசிய கூலியில் பாதி கொடுத்தாக வேண்டும். பாத்திகளெல்லாம் கலங்கிய குளம் போல் தளும்பின. பெரியவரின் தெற்கு இரண்டு பாத்திகளும் போயின. அவர் வரப்பில் நடந்துகொண்டே கண்ணாடிக் கருவியை நீரில் விட்டுப் பார்த்தார். எத்தனை டிகிரி என்று நாம் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கிக் கையை உள்ளே விட்ட அம்மாள், ஒரு பிடி உப்பை வெளியே எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். உலர்ந்த உப்பு.

மேற்கே விதைத்த வயல்களில் இதற்குள் மண் இளகியிருக்கும். நண்பர் காலையிலேயே சைக்கிளில் அந்தப் பக்கம் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை நாம் புறப்படும்போது அடுத்த வாரத்துக்குரிய அறிக்கை வந்திருந்தது. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் பெரியவர் எதிர்ப்பட்டார். "என்ன சொல்றான் ஐயா?" என்றார்.

"ஓரிரு இடங்களில்" என்றோம்.

"நம்ம இடமா?" என்று கேட்டுவிட்டு, நம் பதிலுக்குக் காத்திராமல் கிழக்கே கடலுக்கு மேல் எழும்பிக்கொண்டிருந்த மேகத்தைப் பார்த்தார். பிறகு, அளத்தில் இருக்கும் இரண்டாவது தார்ப்பாயில் கிழிசல் இருக்கிறது, கடைத்தெருவில் தைக்கக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.